கடையில் ஒத்துப்போன ரவிக்கை, காலையில் ஏன் காலை வாரியது?

அரக்கு_புடவை | வெள்ளி, இரவு 10:42

அம்மாவின் கல்யாணப் புடவை. அரக்கு கலர் பட்டு, மெல்லிய ஜரிகை பார்டர். தங்கச்சி கல்யாணத்துக்கு அதைத்தான் கட்டப் போகிறேன். அம்மாவின் அந்தக் காலத்து ரவிக்கை என் முழங்கைக்கு மேல் ஏறாது என்பதால், புடவையைப் பையில் போட்டுக்கொண்டு போன வாரம் பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுக்குப் போனேன். இரவு எட்டு மணி. கடை கூரை முழுக்க எல்.ஈ.டி. பளபளக்கிறது. நாலு அரக்கை எடுத்துப் போட்டார்கள். மூன்று ஒத்துவரவில்லை. நாலாவதைப் புடவை மேல் விரித்தால் துணி எங்கே முடிகிறது, புடவை எங்கே ஆரம்பிக்கிறது என்று தடவிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அப்படி ஒரு மேட்சிங். ஒரு மீட்டர் வாங்கிவிட்டேன்.

மறுநாள் காலை மொட்டை மாடியில் இரண்டையும் உதறினேன். புடவை மாதுளம்பழத் தோல் மாதிரி இருக்கிறது. ரவிக்கைத் துணி செங்கல். பார்த்ததும் வயிறு எரிந்தது. கடைக்காரன் மடிக்கும்போது வேறு துணியை வைத்துவிட்டான் என்று முடிவே கட்டிவிட்டேன். இரவு வீட்டு ஹாலில் மறுபடி விரித்தால் மறுபடி ஒன்றாகிவிட்டது! எங்கள் ஹாலிலும் எல்.ஈ.டி. டியூப்தான்.

என் கேள்வி இதுதான்: மாறியது புடவையா, ரவிக்கையா? தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் இரண்டுமே எந்த நேரத்திலும் மாறின மாதிரி தெரியவில்லை. சேர்த்து வைத்தால்தான் வம்பு.

கேரம்_ரெட்டு | வெள்ளி, இரவு 10:51

கல்யாணத்தை ராத்திரியில் வெச்சுக்கோ அக்கா. பிரச்சினை முடிந்தது.

தையல்மெஷின் | வெள்ளி, இரவு 11:20

கொருக்குப்பேட்டையில் இருபது வருஷமாகத் தைக்கிறேன். பாப்பா, துணியை வாசலுக்கு எடுத்துக்கொண்டு போய்ப் பார்க்காமல் காசு கொடுக்கலாமா? எங்கள் அம்மா காலத்தில் கடைக்காரரே "வெளிச்சத்துல பாத்துக்கம்மா" என்று அவர் கையாலேயே தெருவுக்கு எடுத்து வந்து காட்டுவார்.

நூல் எடுப்பதும் அப்படித்தான். கண்டாக இருக்கும்போது கலர் அழுத்தமாகத் தெரியும். ஒரு முழம் உருவி, ஒற்றை இழையைத் துணி மேல் போட்டு, வாசற்படியில் நின்று பார்த்தால்தான் உண்மை தெரியும். டியூப் லைட்டில் பார்த்துக் கருநீல நூலைக் கறுப்பு என்று நினைத்துக் கறுப்புத் துணியில் அடித்து, பிரித்துத் தைத்த ராத்திரிகள் எனக்கு நிறைய உண்டு.

கடைக்காரர் மேல் பழி போடாதே. துணி மாறவில்லை.

லைட்பாக்ஸ் | சனி, காலை 7:05

தையல் அக்கா சொல்வது நூற்றுக்கு நூறு. இதற்கு எங்கள் தொழிலில் பெயரே இருக்கிறது: மெட்டமெரிசம். மாதவரம் பக்கம் ஒரு கார்மென்ட்ஸில் ஷேட் பார்க்கும் வேலை எனக்கு. தினமும் இந்தப் பஞ்சாயத்துதான்.

துணிக்கு என்று ஒரு கலர் ஒட்டிக்கொண்டு இருப்பதில்லை. விழுகிற வெளிச்சத்தில் எந்த அலைநீளத்தை எவ்வளவு திருப்பி அனுப்புகிறது என்பதுதான் துணியின் குணம். கண்ணோ அதை மூன்றே மூன்று எண்ணாகச் சுருக்கிவிடுகிறது, ஏனென்றால் விழித்திரையில் கலர் பார்க்கிற கூம்பு செல்கள் மூன்று வகைதான். அதனால் இரண்டு சாயம் முற்றிலும் வேறாக இருந்தும், ஒரு குறிப்பிட்ட விளக்கின் கீழே அதே மூன்று எண்ணைத் தந்துவிடலாம். உங்கள் அம்மாவின் புடவையில் ஒரு சாயம், இன்றைய ரவிக்கையில் இன்னொரு சாயம். சாதாரண வெள்ளை எல்.ஈ.டி.யில் அடர் சிவப்புக் கோடிப் பகுதி ரொம்பக் குறைச்சல். இரண்டு சாயமும் அந்தக் கோடியில்தான் வேறுபடுகிறது என்றால், எல்.ஈ.டி. அந்த வித்தியாசத்தைக் கேட்கவே இல்லை. வெயில் கேட்டுவிட்டது.

எங்களிடம் ஒரு சாம்பல் நிறப் பெட்டி இருக்கும். உள்ளே சுவிட்ச் தட்டினால் டி65 என்கிற பகல் வெளிச்சம், டிஎல்84 என்கிற கடை டியூப், அப்புறம் பழைய குண்டு பல்பு, கடைசியாக யுவி என்கிற புற ஊதா. லேப் டிப், அதாவது சாயப்பட்டறை அனுப்பும் மாதிரித் துணி, வந்ததும் ஒவ்வொரு விளக்காகத் தட்டிப் பார்ப்போம். ஒன்றில் ஒத்து, இன்னொன்றில் பிரிந்தால் சாயப்பட்டறைக்கே திரும்பிவிடும். பெட்டிக்கு முன்னால் நிற்கும்போது பளீர் சட்டை கூடப் போடக்கூடாது. சட்டையின் கலர் துணி மேல் அடிக்கும்.

அரக்கு_புடவை | சனி, காலை 9:30

நன்றி அண்ணா. சேர்த்து வைத்தால் ஏன் பிரிகிறது என்பது புரிந்தது. ஆனால் பாதிக் கேள்வி பாக்கி. கடை வெளிச்சம் வேறு, மொட்டை மாடி வெயில் வேறு. அப்படியானால் புடவையிலிருந்து என் கண்ணுக்கு வருகிற ஒளியும் இரண்டு இடத்திலும் வேறாகத்தானே இருக்க வேண்டும்? எனக்கு மட்டும் ஏன் இரண்டு இடத்திலும் அது "அம்மாவோட அரக்கு" என்றே தெரிகிறது?

பௌதிக_வாத்தி | சனி, மதியம் 1:15

இதுதான் நல்ல கேள்வி. திருவொற்றியூரில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ஒளியியல் நடத்துகிறேன். பாடப்புத்தகத்தில் இது இருக்காது, ஆனால் நான் ஒரு பீரியட் இதற்கென்றே ஒதுக்கிவிடுவேன்.

முதலில் வெளிச்சம் எவ்வளவு மாறுகிறது என்று பார்ப்போம். மெழுகுவர்த்தியின் நிற வெப்பநிலை ஏறக்குறைய 1,900 கெல்வின். குண்டு பல்பு 2,700. உச்சி வெயில் 5,500 சுமார். உங்கள் ஹால் டியூப் அட்டையில் 6,500 என்று அச்சடித்திருக்கும். வெயில் படாத நிழலில், வெறும் நீல வானத்தின் வெளிச்சத்தில் நின்றால் அதற்கும் மேலே போகும். எண் ஏற ஏற ஒளியில் நீலம் கூடுகிறது. குண்டு பல்பின் கீழே ஒரு வெள்ளைத் தாள் அனுப்பும் ஒளி, பகல் கணக்குப்படி அசல் மஞ்சள். ஆனால் யாரும் அதை மஞ்சள் தாள் என்று சொல்வதில்லை.

ஏன்? இரண்டு வேலை நடக்கிறது. ஒன்று, கண்ணிலேயே. மஞ்சள் வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் இருந்தால், அதிகமாக அடி வாங்கும் கூம்பு செல்கள் தங்கள் உணர்வைக் குறைத்துக்கொள்கின்றன. மூன்று வகையும் தனித்தனியாகத் தராசைச் சரிசெய்துகொள்ளும் என்று ஜெர்மன்காரர் ஃபான் கிரீஸ் 1900களின் தொடக்கத்திலேயே எழுதிவிட்டார். இரண்டாவது, ஒப்பிடுவது. புடவை தனியாக வந்து உங்கள் கண்ணில் விழுவதில்லை. கூடவே உங்கள் கை, மாடிச் சுவர், கொடியில் காயும் துண்டு எல்லாம் விழுகிறது. வெளிச்சம் மாறினால் எல்லாம் சேர்ந்து ஒரே பக்கம் நகரும். ஒன்றுக்கொன்று உள்ள விகிதம் பெரும்பாலும் அப்படியே இருக்கும். மூளை பிடித்துக்கொள்வது அந்த விகிதத்தை.

போலராய்டு கேமராவைக் கண்டுபிடித்த எட்வின் லேண்ட் இதைக் கூட்டத்துக்கு நடுவே செய்தே காட்டினார். பல வண்ணத் தாள்களை ஒட்டுப்போட்ட மாதிரி ஒரு பெரிய பலகை. எதிரே மூன்று புரொஜெக்டர்: நீள அலை (சிவப்பு), நடு அலை (பச்சை), குறு அலை (நீலம்). பலகையில் ஒரு பச்சைத் தாளிலிருந்து மூன்று ஒளியும் எவ்வளவு வருகிறது என்று மீட்டரில் குறித்துக்கொள்வார். பிறகு, சிவப்புத் தாளிலிருந்து அச்சு அசலாக அதே அளவுகள் வரும்படி புரொஜெக்டர்களைத் திருகுவார். மீட்டர் கணக்குப்படி இப்போது சிவப்புத் தாள் பச்சையாகத் தெரிய வேண்டும். தெரியாது. சிவப்பாகவே இருக்கும். சுற்றியுள்ள தாள்களை மறைத்து அந்த ஒரு துண்டை மட்டும் பார்த்தால்தான் கதை மாறும். இந்த வேலையில் கண்ணின் ரெட்டினாவும் (விழித்திரை) மூளையின் கார்டெக்ஸும் (புறணி) சேர்ந்திருப்பதால் இரண்டையும் ஒட்டவைத்து 1964இல் "ரெட்டினெக்ஸ்" என்று பெயர் வைத்தார்.

ஆக, உங்கள் புடவையைத் தனியாகப் பார்க்கும்போது மூளை வெளிச்சத்தைக் கழித்துவிட்டு அரக்கு என்கிறது. ரவிக்கையையும் அப்படித்தான். நேற்றுப் பார்த்த கலரை இன்று நினைவுபடுத்துவதில் நாம் எல்லோருமே மட்டம், அதனால் சின்ன நகர்வு தெரியாது. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மட்டும் கண் ரொம்பக் கறார்.

கேரம்_ரெட்டு | சனி, மதியம் 2:40

சார், இப்பதான் ஒரு பழைய சண்டைக்குத் தீர்ப்பு கிடைக்குது. எங்கள் சந்தில் எல்.ஈ.டி. வருவதற்கு முன்னால் தெருவிளக்கு சோடியம் வேப்பர். அதன் கீழே கேரம் போர்டு போட்டு ராத்திரி ஒரு மணி வரைக்கும் ஆடுவோம். வீட்டுக்குள் போர்டு மேலே குண்டு பல்பைத் தாழ்வாகத் தொங்கவிட்டு ஆடும்போது எந்தக் கஷ்டமும் கிடையாது. பல்பு மஞ்சள்தான், வெள்ளைக் காய் வெள்ளையாகத்தான் தெரியும், ரெட்டு ரெட்டாகத்தான் இருக்கும். ஆனா சோடியம் லைட்டில் ரெட்டு செத்துப்போயிடும். பழைய செருப்பு மாதிரி ஒரு கலர். ஒரு தடவை கறுப்புன்னு நினைச்சு ரெட்டைப் பாக்கெட் பண்ணிட்டு, அடுத்துப் போட வேண்டிய ஃபாலோ காயைப் போடாம விட்டு, அதுக்கு ஒரு வாரம் பேச்சுவார்த்தை இல்லை.

இரண்டுமே மஞ்சள் லைட்தானே? அங்கே மட்டும் ஏன் மூளை கழிக்கல?

பௌதிக_வாத்தி | சனி, மதியம் 3:05

பல்பின் மஞ்சளில் எல்லா நிறமும் இருக்கிறது, நீலம் குறைவு, சிவப்பு அதிகம், அவ்வளவுதான். கழிக்கவோ கூட்டவோ கையில் சரக்கு உண்டு. சோடியம் விளக்கின் ஒளி பெரும்பகுதி மஞ்சளைச் சுற்றியே குவிந்திருக்கிறது, 589 நானோமீட்டர் அக்கம்பக்கம். அடர் சிவப்பு அதில் சொற்பம். விளக்கு அனுப்பாததை ரெட் காய் எங்கிருந்து திருப்பி அனுப்பும்? மூளை வெளிச்சத்தைச் சரிக்கட்டும். இல்லாத சிவப்பைக் கடன் வாங்கித் தராது.

காசிமேடு_காலை | சனி, மாலை 5:48

மீன் பக்கம் வாங்க, இதை நாங்க தினமும் அனுபவிக்கிறோம்.

நாலு மணிக்கு ஏலம். எல்லாம் லைட் வெளிச்சம். சங்கரா வாங்க வருகிறவர்கள் செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள். ரத்தச் சிவப்பு என்றால் புதுசு, பழுப்படித்தால் ஐஸில் கிடந்தது. இதில் ஒரு ஆள் (எந்தக் கடை என்று சொல்ல மாட்டேன்) காலை வெயில் ஏறியதும் தலைக்கு மேலே ஆரஞ்சு தார்ப்பாய் கட்டுவார். வெயிலுக்குத்தான் என்பார். நான் சின்ன வயதில் அவரிடம் அரைக் கூடை சங்கரா எடுத்து, வீட்டு வாசலில் கொட்டினதும் அம்மா செவுளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாங்க பாருங்க ஒரு பார்வை.

வாத்தியார் கணக்குப்படி என் கண் ஆரஞ்சைக் கழித்திருக்க வேண்டுமே? அந்தத் தார்ப்பாய்க்குக் கீழேயே பத்து நிமிஷம் நின்று பேரம் பேசினவன் நான்.

பௌதிக_வாத்தி | சனி, இரவு 8:10

இரண்டு விஷயம். ஒன்று, கண்ணின் திருத்தம் எப்போதும் முழுசாக நடப்பதில்லை. முக்கால்வாசி கழித்து, மிச்சத்தை விட்டுவிடும். அந்த மிச்ச ஆரஞ்சு, பழுப்புச் செவுளைச் சிவப்புப் பக்கம் லேசாகத் தள்ளப் போதும். இரண்டு, கண் சரியாகவே கழித்தாலும், சிவந்த வெளிச்சத்தில் நல்ல சிவப்புக்கும் கெட்டுப்போன சிவப்புக்கும் இடையே உள்ள இடைவெளி சுருங்கிவிடும். உங்களுக்குத் தேவைப்பட்டது அந்த இடைவெளிதான்.

இதில் ஒரு பழைய வேடிக்கை உண்டு. 1789, பிரெஞ்சுப் புரட்சி நடந்த அதே வருஷம். மோன்ஜ் என்ற கணித மேதை பாரிஸ் அறிவியல் கழகத்தில், எதிர்க் கட்டடச் சுவரில் ஒரு சிவப்புத் தாளைத் தொங்கவிட்டு, வந்தவர்களை ஒரு சிவப்புக் கண்ணாடி வழியாகப் பார்க்கச் சொன்னார். சிவப்பு இன்னும் கொழுந்துவிட்டு எரியும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். தெரிந்தது வெளுத்த தாள்! கண்ணாடி வழியாக வரும் எல்லாமே சிவப்பு என்னும்போது, எது அதிகமாகச் சிவப்பை அனுப்புகிறதோ அதைத்தான் கண் வெள்ளை என்று எடுத்துக்கொள்ளும். 235 வருஷத்துக்கு மேலாகிவிட்டது, இன்னும் இதைவிட எளிய சோதனை எனக்குத் தெரியாது. உங்கள் தார்ப்பாய்க்காரர் இன்னும் பேராசைப்பட்டு ரத்தச் சிவப்புத் தார்ப்பாய் கட்டியிருந்தால் சங்கரா வெளுத்துப்போய் அவருக்கே நஷ்டமாகியிருக்கும். ஆரஞ்சோடு நிறுத்திக்கொண்டதில்தான் அவர் கெட்டி.

காசிமேடு_காலை | சனி, இரவு 8:22

அவர் படிச்சது மூணாவது.

எண்ணூர்_ஷிப்ட் | ஞாயிறு, காலை 6:40

நைட் ஷிப்ட் முடித்து வந்து படிக்கிறேன். கலருக்கு மட்டும்தான் இப்படியா, கறுப்பு வெள்ளைக்கும் உண்டா? அனல்மின் நிலையத்தில் எனக்கு வேலை. மத்தியான வெயிலில் நிலக்கரிக் குவியல் மின்னும், கண் கூசும். ஆனாலும் அது கறுப்புதான். வீட்டுக்கு வந்து மங்கலான அறையில் வேட்டியைப் பார்த்தால் வெள்ளைதான். இதில் எது அதிக ஒளி அனுப்புகிறது?

பௌதிக_வாத்தி | ஞாயிறு, காலை 10:30

நிலக்கரி! கணக்குப் போடலாம். உச்சி வெயில் கிட்டத்தட்ட 1,00,000 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு). கரி அதில் 5 சதவீதம் திருப்பினாலும் 5,000 பங்கு. அறையில் 200 லக்ஸ் என்று வையுங்கள், வேட்டி 80 சதவீதம் திருப்பினால் 160. உங்கள் வேட்டியைவிட எண்ணூர்க் கரி முப்பது மடங்கு பிரகாசம். ஆனாலும் கரி கறுப்பு, வேட்டி வெள்ளை. ஹெரிங் என்ற ஜெர்மன் உடலியலாளர் நூறு வருஷத்துக்கு முன்பே கரியையும் சாக்பீஸையும் வைத்து இதையே சொன்னார். வெறும் ஒளி அளவை நம்பினால் ஒரே பொருள் காலையில் ஒரு நிறம், மதியம் ஒரு நிறம் என்று மாறிக்கொண்டே இருக்கும்.

ஸ்ப்ரேகன் | ஞாயிறு, காலை 11:12

வியாசர்பாடியில் கார் பெயின்டிங் பட்டறை. பம்பர் மட்டும் அடித்துக் கொடுத்த வண்டி மாலையில் போகும், மறுநாள் காலை "கலர் சேரலை" என்று திரும்பி வரும். மெட்டாலிக் என்றால் கூடுதல் தலைவலி, அலுமினியத் துகள் படுத்திருக்கிற கோணத்தைப் பொறுத்து நிற்கிற இடத்துக்கு இடம் மாறும். இப்போதெல்லாம் ஐந்து மணிக்கு மேல் டெலிவரி கிடையாது என்று போர்டே வைத்துவிட்டேன்.

நிஜம்_மட்டும் | ஞாயிறு, மதியம் 12:50

எல்லோரும் சுற்றி வளைக்கிறீர்கள். கண் பொய் சொல்கிறது, கேமரா உண்மை சொல்கிறது. போனில் ஒரு போட்டோ எடுத்துப் பார்த்தால் முடிந்தது.

லைட்பாக்ஸ் | ஞாயிறு, மதியம் 1:04

பையர்கள் (துணி ஆர்டர் கொடுக்கும் கம்பெனிக்காரர்கள்) வாட்ஸ்அப்பில் அனுப்பும் போட்டோவைப் பார்த்து ஷேட் முடிவு செய்தவர்கள் இன்று வேறு தொழிலில் இருக்கிறார்கள்.

போனும் கழிக்கிறது ஐயா. ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் என்பது அதுதான். காட்சியில் எல்லா நிறமும் சராசரியாகச் சாம்பலுக்கு வர வேண்டும் என்று ஒரு ஊகம் வைத்துக் கணக்குப் போடுவது அதில் பழைய வழி. திரை முழுக்க அரக்குப் புடவை நிரம்பியிருந்தால், வெளிச்சம்தான் சிவப்பு போல என்று நினைத்துச் சிவப்பைக் குறைத்துவிடும். கொஞ்சம் தள்ளி நின்று வெள்ளைச் சுவரோடு எடுத்தால் புடவை வேறு கலர். நாளைக்கே இரண்டு போட்டோ எடுத்துப் பாருங்கள்.

நிஜம்_மட்டும் | ஞாயிறு, மதியம் 1:20

அப்படியானால் 2015இல் ஊரே அடித்துக்கொண்டதே ஒரு கவுன் போட்டோ, வெள்ளை தங்கமா, நீலம் கறுப்பா என்று. அதில் என் பக்கம் வெள்ளை தங்கம். இன்றைக்கும் அதுதான்.

கேரம்_ரெட்டு | ஞாயிறு, மதியம் 1:22

ஐயோ மறுபடியும் அதுவா. எங்கள் வீட்டில் அதற்கு நாலு நாள் சாப்பாடு தனித்தனி.

பௌதிக_வாத்தி | ஞாயிறு, மதியம் 2:15

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அசல் கவுன் நீலமும் கறுப்பும்தான். அந்தப் போட்டோவில் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்பதற்குத் தடயம் சரியாக இல்லை. கவுன் நீல நிழலில் தொங்குகிறது என்று ஊகித்த மூளை நீலத்தைக் கழித்துவிட்டு வெள்ளை தங்கம் என்றது. மஞ்சள் விளக்கில் தொங்குகிறது என்று ஊகித்த மூளை மஞ்சளைக் கழித்து நீலம் கறுப்பு என்றது. இரண்டு பேரும் செய்தது ஒரே கழித்தல்தான், கழித்த எண் வேறு. "பொய்" என்ற வார்த்தையை அதனால்தான் நான் ஏற்க மாட்டேன். இந்தக் கழித்தல் இல்லையென்றால் பழுத்த மாம்பழத்தை விடியலில் ஒரு நிறம், அந்தியில் ஒரு நிறம் என்று பார்த்துப் பசியோடு போயிருப்போம். தேனீக்கே இந்தத் திறமை உண்டு.

பிறவியிலேயே முழுசாக வந்துவிடுவதும் இல்லை. ஜப்பானில் சுகிதா என்ற ஆய்வாளர் குரங்குக் குட்டிகளை ஏறக்குறைய ஒரு வருஷம் ஒற்றை நிற விளக்குகள் மட்டுமே எரியும் அறையில் வளர்த்து, 2004இல் முடிவை வெளியிட்டார். வெளியே வந்த பிறகு வெளிச்சம் மாறினால் அவற்றுக்கு நிறமும் மாறிப்போயிற்று. பல வெளிச்சத்தைச் சின்ன வயதிலேயே பார்த்துப் பழகாததால் கழிக்கத் தெரியவில்லை.

மட்டுறுத்துநர் | ஞாயிறு, மாலை 4:00

கவுன் பற்றி நீண்ட 14 பதிவுகள் தனி இழைக்கு மாற்றப்பட்டன. இங்கே ரவிக்கை மட்டும்.

அரக்கு_புடவை | ஞாயிறு, இரவு 9:35

இன்று ஒரு கூத்து. சாயங்காலம் ஆறு மணிக்குக் கரண்ட் கட். அம்மா மெழுகுவர்த்தி ஏற்றிக் கொண்டுவந்து வைத்தார்கள். ஜன்னலில் இன்னும் கொஞ்சம் வானத்து வெளிச்சம் பாக்கி. மேஜையில் கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம், வெறும் வெள்ளை. அதன் மேல் பேனாவை நட்டுவைத்துப் பிடித்திருந்தேன், சும்மா. இரண்டு நிழல் விழுந்தது. ஒன்று மஞ்சள். இன்னொன்று நல்ல நீலம், சொட்டு நீலம் கலந்த தண்ணீர் மாதிரி. நீலப் பொருள் எதுவும் பக்கத்தில் கிடையாது! மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தேன், நீலம் போய்விட்டது. மறுபடி ஏற்றினேன், வந்துவிட்டது. தங்கச்சியைக் கூப்பிட்டுக் காட்டினால், "பத்திரிகை மேல மெழுகு கொட்டுது"ன்னு திட்டு.

பௌதிக_வாத்தி | ஞாயிறு, இரவு 10:02

பிரமாதம். மெழுகுவர்த்தியைப் பேனா மறைக்கிற இடத்தில் ஜன்னல் வெளிச்சம் மட்டும் விழுகிறது. ஜன்னலை மறைக்கிற இடத்தில் மெழுகுவர்த்தி மட்டும். மீதித் தாளில் இரண்டும் கலந்திருக்கிறது, அதைத்தான் கண் வெள்ளை என்று வைத்துக்கொண்டது. அந்தக் கலவையோடு ஒப்பிட்டால் ஜன்னல் ஒளி நீலம், மெழுகுவர்த்தி மஞ்சள். அணைத்ததும் ஜன்னல் ஒளி மட்டுமே மிஞ்சுகிறது, அப்புறம் அதுவே வெள்ளை. நீங்கள் பார்த்தது கழித்தல் நடக்கிற இடத்தையே. என் பிள்ளைகளுக்கு நாளைக்கு இதைத்தான் காட்டப்போகிறேன்.

வெள்ளாவி | திங்கள், காலை 8:20

சொட்டு நீலம் என்றதும் உள்ளே வந்துவிட்டேன். பழைய வண்ணாரப்பேட்டை. ஊர்ப் பெயரே எங்கள் தொழில்தான். கம்பெனிக் காலத்தில் கப்பலேறுகிற துணியை வெளுத்துக் கொடுத்தவர்கள் குடியிருந்த பேட்டை.

எங்கள் ஆயா வெள்ளாவி வைத்து, அலசி, கடைசித் தண்ணீரில் நீலம் போடும். அளவு எல்லாம் கண்தான். உள்ளங்கையில் தண்ணீரை அள்ளி, வானத்துக்குக் காட்டிப் பார்த்துவிட்டு, "போதும்" என்கும். கொஞ்சம் தூக்கிவிட்டால் வேட்டி நீலம் பாய்ந்துவிடும், ஊரே சிரிக்கும். குறைந்தால் பழுப்படிக்கும். நானும் ஆயாவிடம் கேட்டிருக்கிறேன், வெள்ளையாக்க ஏன் கலர் போடுகிறாய் என்று. "மஞ்சளைத் தின்னத்தான்" என்பாள். வாத்தியார் சொல்லுங்கள், ஆயா சொன்னது சரியா?

லைட்பாக்ஸ் | திங்கள், காலை 8:45

வாத்தியார் பள்ளிக்கூடத்தில் இருப்பார், நான் சொல்கிறேன். ஆயா சொன்னது அப்படியே சரி. பழசான பருத்தி நீலத்தைக் கொஞ்சம் விழுங்குகிறது, அதனால் மஞ்சளடிக்கிறது. நீலச் சாயம் போட்டால் அது மஞ்சள் பக்கத்தை விழுங்குகிறது, இரண்டும் சமமாகிறது. வேடிக்கை என்னவென்றால், மீட்டரில் வைத்தால் நீலம் போட்ட வேட்டி முன்பைவிடக் குறைவாகத்தான் ஒளியைத் திருப்பும். ஆனாலும் கண்ணுக்கு அதுதான் அதிக வெள்ளை.

இன்றைய சோப்புத்தூளில் வேறு வித்தை. கண்ணுக்குத் தெரியாத புற ஊதாவை வாங்கி நீலமாகத் திருப்பித் தருகிற ரசாயனம் இருக்கும். வெயிலில் சட்டை பளீர் என்று அடிப்பது அதனால். சாதாரண எல்.ஈ.டி.யில் புற ஊதா கிட்டத்தட்ட இல்லை, அதனால் அதே சட்டை ஆபீஸில் சோர்ந்து தெரியும். எங்கள் பெட்டியில் யுவி விளக்கு வைத்திருப்பது இதைப் பிடிக்கத்தான்.

வெள்ளாவி | திங்கள், காலை 8:52

ஆயா இருந்திருந்தால் இதைப் படித்துக் காட்டியிருப்பேன். "இதுக்கா பெட்டி வாங்கினானுங்க" என்றிருக்கும்.

அரக்கு_புடவை | செவ்வாய், காலை 11:10

ரவிக்கைக் கதைக்கு ஒரு திருப்பம். கடைக்குத் திரும்பிப் போகலாமா என்று அம்மாவிடம் துணியையும் புடவையையும் காட்டினேன், பால்கனி வெளிச்சத்தில். அம்மாவுக்குப் போன மாதம்தான் வலது கண்ணில் புரை ஆபரேஷன். இடது கண்ணுக்கு அடுத்த மாதம்.

முதலில் "நல்லா சேருதே" என்றார்கள். அப்புறம் இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு பார்த்தார்கள். "அய்ய, இது என்னடி, புடவை நாவப்பழமா இருக்கு, துணி செம்மண்ணு." கையை மாற்றி வலது கண்ணைப் பொத்தினார்கள். "இப்ப சேருது." இப்படியே நாலைந்து தடவை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு ஒரே சிரிப்பு. ஆபரேஷன் முடிந்த முதல் வாரம் சுவரெல்லாம் நீலம் பூசின மாதிரி இருக்கிறது என்று பயந்தார்கள், இப்போது அவ்வளவு இல்லையாம்.

பௌதிக_வாத்தி | செவ்வாய், மாலை 6:25

அம்மாவுக்கு என் வணக்கம். வயதாக ஆகக் கண்ணின் லென்ஸ் மஞ்சளாகிறது, நீலத்தை மறிக்கிறது. மெதுவாக நடப்பதால் மூளை வருஷக்கணக்காக அதைக் கழித்துக்கொண்டே வந்திருக்கும். பழைய லென்ஸை எடுத்துத் தெளிந்த லென்ஸ் வைத்ததும் நீலம் மொத்தமாக உள்ளே பாய்கிறது, பழைய கழித்தல் இன்னும் ஓடுகிறது, அதனால் உலகமே நீலம். வாரங்கள், சில மாதங்கள் போனால் பழையபடி வெள்ளை வெள்ளையாகிவிடும். இப்போது அம்மாவுக்கு ஒரு கண் எல்.ஈ.டி. கடை மாதிரி, ஒரு கண் மொட்டை மாடி மாதிரி.

தையல்மெஷின் | செவ்வாய், இரவு 7:40

எல்லாம் சரி. முகூர்த்தம் எத்தனை மணிக்கு, எங்கே?

அரக்கு_புடவை | செவ்வாய், இரவு 7:58

காலை ஆறிலிருந்து ஏழரை, கோயிலில். அப்புறம் மண்டபம், எல்லாம் எல்.ஈ.டி. அப்படியென்றால் கோயிலில் பிரியும், மண்டபத்தில் சேரும்!

தையல்மெஷின் | செவ்வாய், இரவு 8:10

மேட்சிங்கை விடு. பழைய பட்டுக்கு இன்றைக்கு எடுக்கிற துணி எங்கேயாவது ஒரு வெளிச்சத்தில் காட்டிக்கொடுத்துவிடும். மாம்பழ கலர் எடு. அரக்குக்கு மாம்பழம் எங்கள் அம்மா காலத்து ஜோடி. வேறு வேறு என்று தெரிந்தே கட்டுவதில் சேரலை என்று யாரும் சொல்ல முடியாது. செங்கல் துணியை வீணாக்காதே, லைனிங்குக்கு ஆகும்.

கேரம்_ரெட்டு | செவ்வாய், இரவு 8:14

மாம்பழமாவது பகல்ல போய் வாங்குங்க.

அரக்கு_புடவை | வியாழன், மதியம் 12:30

வாங்கிவிட்டேன். பதினோரு மணி வெயிலில், கடை வாசலில், அம்மா இரண்டு கண்ணையும் மாற்றி மாற்றிப் பொத்திப் பார்த்து, இரண்டு கண்ணும் சம்மதித்த பிறகு. தெருவில் போகிறவர்கள் எல்லாம் எங்களை நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். கடைக்காரரிடம் நான் மனசுக்குள் திட்டினதையும் சொல்லிவிட்டேன், சிரித்துக்கொண்டே ஒரு துணிப்பை இலவசம்.

தையல் அக்கா, எப்போது வரட்டும்?

தையல்மெஷின் | வியாழன், மதியம் 1:05

சாயங்காலம் நாலு மணிக்குள் வா, நூல் மேட்ச் பண்ண வெளிச்சம் வேண்டும். அளவு ரவிக்கை மறக்காதே. உன்னுடையது, அம்மாவுடையது இல்லை.